சோமுவுக்குச் சர்க்கரை: முதிய பூனையின் நீரிழிவும் அதன் அளவுகளும்

மலர்க் குழு நண்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். போன தடவை குடிநீரின் கடினத்தன்மை பற்றி எழுதினேன். இந்தத் தடவை பூனைக்கு வரும் சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சார், நிஜமாவா?" என்றார் செயலாளர். நிஜமாகத்தான். நம் சங்க உறுப்பினர் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். பூனை வளர்க்கும் வீடுகளும் இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் பெருகியிருக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே ஃபிரிட்ஜில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்ல. செம்பூர் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டு குப்பிகளோடு காலம் தள்ளியவன். பன்னிரண்டு வருஷமாக நானே சர்க்கரைக்காரன். கீழே வரும் எண்கள் விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காக. மருந்தளவை உங்கள் பூனையைக் கையில் பிடித்துப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பூனையின் பெயர் சோமு. மழைக்காலத்தில் கட்டடத்தின் மாடிப்படிக்கடியில் கிடைத்த குட்டி. மஞ்சள் நிறம், ஆண், கருத்தடை செய்தது, வீட்டை விட்டு வெளியே போகாதது. பன்னிரண்டாவது வயதில் 6.8 கிலோ இருந்தான். அவ்வளவு எடை ஆகாது என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் அதைச் செழிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஐப்பசி மாதம் என் மனைவி பால்கனியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏன்னா, இங்க வந்து பாருங்கோ. சோமு போன மணல்ல எறும்பு மொய்ச்சிண்டிருக்கு. உங்களுக்கு வந்த மாதிரியே இதுக்கும் வந்துடுத்தோ என்னமோ."

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால் எல்லா அடையாளமும் இரண்டு மாதமாகவே கண்ணெதிரே இருந்திருக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் சாயங்காலத்துக்குள் காலி. மணல் தட்டில் தேங்காய் அளவுக்குக் கட்டிகள். தட்டு தட்டாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு தடவினால் கையில் தட்டுகிறது. ரோமம் எண்ணெய் காணாத தலை மாதிரி பிசுக்கும் சிக்கும். எல்லாவற்றையும் விட விசித்திரம் பின்னங்கால். பூனை விரல் நுனியில் நடக்கும் பிராணி. சோமு குதிகால் முழுக்கத் தரையில் பட, முயல் உட்கார்ந்த மாதிரி நடந்தான். ஜன்னல் திட்டுக்குத் தாவுவதை நிறுத்தியிருந்தான். வயதாகிவிட்டது என்று நாங்கள் அதற்கு நியாயம் சொல்லிக்கொண்டோம். உயர்ந்த சர்க்கரை நரம்பைக் கெடுப்பதால் வரும் பலவீனம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. நமக்குப் பாதம் மரத்துப்போகிறதே, அதன் பூனை வடிவம்.

பூனைக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் நம் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. நாய்க்கு வருவது அப்படியல்ல. அங்கே கணையத்தின் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய அற்றுப்போகும், ஆயுளுக்கும் ஊசிதான். பூனையிலோ இன்சுலின் சுரக்கிறது, உடம்பு அதற்குச் செவிசாய்ப்பதில்லை. மேலும் மேலும் சுரந்து அந்தச் செல்கள் களைத்துப்போகின்றன. அவற்றினிடையே அமைலாய்டு என்ற புரதக் கழிவு படிகிறது. வயது, பருமன், ஆண் பூனை, கருத்தடை, வீட்டுக்குள்ளேயே முடங்கிய வாழ்க்கை ஆகிய எல்லாம் ஆபத்தைக் கூட்டும். சோமு எல்லாப் பரீட்சையிலும் தேறியவன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அது எனக்கு இன்னும் மனத்தாங்கல். முந்தைய இரண்டு மழைக்காலத்திலும் அவனுக்குத் தோல் அரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சிறு கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் நீண்ட நாள் நிற்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மூன்றே நாளில் அரிப்பு போய்விடும், நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டு வந்தோம். ஸ்டீராய்டு இன்சுலினுக்கு எதிரி என்றோ, பருத்த பூனைக்கு அது சர்க்கரையைக் கிளப்பிவிடும் என்றோ ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில வியாதிக்கு அதுதான் மருந்து. ஆனால் போடுவதற்கு முன் எடையும் சர்க்கரையும் பார்த்திருக்கலாம்.

புதிதாகப் போன மருத்துவர் மராட்டியப் பெண்மணி, பொறுமைசாலி. மேஜையில் வைத்து எடுத்த ரத்தத்தில் குளுக்கோஸ் 412. நான் பதறினேன். "இதை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டேன்" என்றார். பூனை பயந்தாலே சர்க்கரை எகிறும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, நாய்கள் குலைக்கும் அறையில் உட்காரவைத்தால் நல்ல ஆரோக்கியமான பூனைக்கே 300ஐத் தாண்டலாம். சாதாரணமாக அது 70லிருந்து 150க்குள் இருக்க வேண்டியது. ஆகவே பிரக்டோசமைன் என்ற சோதனையையும் எழுதிக் கொடுத்தார். நமக்கு மூன்று மாதச் சராசரி காட்ட எச்பிஏ1சி இருப்பது போல, ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளந்து கடந்த ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியை இது காட்டும். சோமுவுக்கு 560 வந்தது. அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 350. சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ், கீட்டோன் இல்லை. சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் சேர்த்துப் பார்த்தார். காரணம், முதிய பூனை தண்ணீர் அதிகம் குடிக்கச் சிறுநீரகக் கோளாறும், தின்றும் இளைக்கத் தைராய்டு மிகுதியும் காரணமாகலாம். பல்லையும் பார்த்தார். ஈறு அழுகல், மூத்திரத் தாரையில் கிருமி, இப்படி எங்கே புண் இருந்தாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

அப்புறம் கேட்டார்: "என்ன சாப்பிடுகிறான்?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தயிர்சாதம். காலையில் பால். நடுவில் மாரி பிஸ்கட். கடையில் வாங்கும் உலர் தீனி கொஞ்சம். எங்களுடையது சைவக் குடும்பம், அவனும் குட்டியிலிருந்தே அப்படிப் பழகிவிட்டான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் கல்லீரல் படம் போட்டு விளக்கினார்.

பூனை ஊன் மட்டுமே தின்னப் பிறந்த உடம்பு. மனிதக் கல்லீரலில், சாப்பிட்டதும் வந்து குவியும் குளுக்கோஸை அள்ளிச் சேமிக்கக் குளுக்கோகைனேஸ் என்ற நொதி உண்டு. பூனைக் கல்லீரலில் அது இல்லை என்றே சொல்லலாம். எச்சிலிலும் மாவைச் செரிக்கும் நொதி கிடையாது. தனக்கு வேண்டிய சர்க்கரையை அது இரவு பகலாகப் புரதத்திலிருந்து தானே தயாரித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் நாம் சோற்றையும் போட்டால் போக இடமில்லை. நாக்குக்கு இனிப்பே தெரியாது என்பது இன்னொரு வேடிக்கை. இனிப்பை உணரும் மரபணுக்களில் ஒன்று பூனைக் குலத்தில் பழுதாகிக் கிடப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். சோமு பேடாவுக்குக் காலைச் சுற்றியதெல்லாம் பாலின் கொழுப்புக்காகத்தான் போலிருக்கிறது.

டாரின் என்ற ஒன்றும் இருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ளது, தயிர்சாதத்தில் தேவையான அளவு கிடையாது. அது குறைந்தால் பூனைக்குக் கண்ணின் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல் நிரூபணமானது. உலர் தீனியில் டாரின் சேர்த்திருப்பதால் சோமு அந்த வகையில் தப்பித்தான். வெறும் கோழிக்கறியை வேகவைத்துப் போட்டாலும் போதாது, சுண்ணாம்புச் சத்து சரிப்படாது. முழுச் சத்துணவு என்று அச்சிட்ட ஈரத் தீனி, அதிலும் மாவுச்சத்து குறைந்தது வேண்டும். மொத்தக் கலோரியில் 12 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வரக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. உலர் தீனிகள் பலவற்றில் அது 30 சதவீதத்தையும் தாண்டும். மொறுமொறுப்பு வர மாவு வேண்டுமே.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வெகு நேரம் பேசவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "அதோட ஜென்மமே அதுதானே, நாமதான் மாத்தி வெச்சிருந்தோம். பால்கனியிலே வெச்சுப் போடுங்கோ. ஸ்பூன் மட்டும் உள்ள வரப்படாது." அன்றிலிருந்து பால்கனியில் ஒரு சின்ன அலமாரி, ஒரு ஸ்பூன், ஒரு தட்டு. மூன்று நாள் சோமு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழைய தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றினோம். பருத்த பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கு ஆபத்தாகும். எடை குறைவதும் வாரத்துக்கு ஒரு சதவீதம் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. இன்சுலின் போடும் பூனைக்கு மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் தேவைப்படும் இன்சுலினும் சட்டென்று குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். தீனி மாற்றும் நாட்களில் தினமும் அளக்க வேண்டும்.

இனி இன்சுலின். பூனைக்குக் கிளார்ஜின் நன்றாக வேலை செய்கிறது, நமக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். குப்பியில் அது அமிலத் தன்மையோடு இருக்கும். தோலுக்கடியில் போனதும் நுண்துகளாகப் படிந்து மெல்ல மெல்லக் கரையும். அதனால்தான் அதை வேறு இன்சுலினோடு கலக்கவோ நீர்க்கச் செய்யவோ கூடாது. நமக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை போடுவதைப் பூனைக்கு 12 மணிக்கொரு தடவை போட வேண்டும். ஆரம்பத்தில் கிலோவுக்குக் கால் யூனிட் முதல் அரை யூனிட், பெரும்பாலும் ஒரு தடவைக்கு 1 யூனிட். நான் வேளைக்கு 24 யூனிட் போட்டுக்கொள்கிறவன். சிரிஞ்சின் அடியில் தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் அந்த ஒரு துளியைப் பார்த்தபோது இதனால் என்ன ஆகும் என்றுதான் தோன்றியது.

காலை ஏழு, மாலை ஏழு. முதலில் அவனுக்கு, பிறகு எனக்கு. விலாப்பக்கத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடியில் ஊசி. ஈரத் தீனி முன்னால் இருந்தால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிக்கிறேன்.

ஊசியை விடக் கஷ்டம் ரத்தம் எடுப்பது. காது விளிம்பில் ஓடும் மெல்லிய நாளத்தின் அருகே குத்த வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிஷம் காதில் வைத்தால் ரத்தம் எளிதாக வரும். அடிப்பக்கம் பஞ்சைக் கொடுத்தால் நம் விரலில் குத்தாது. ஒரு துளி போதும். முதல் வாரம் ஆறு பட்டை வீணாகி ஒரு எண் கிடைத்தது. இரண்டாவது மாதத்தில் சோமு, குத்தியதும் கிடைக்கும் கோழித் துணுக்குக்காகத் தானே வந்து உட்கார ஆரம்பித்தான்.

நாம் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். சர்க்கரை சிவப்பணுவிலும் பிளாஸ்மாவிலும் பகிர்ந்திருக்கும் விகிதம் நமக்கும் பூனைக்கும் வேறு. விலங்குகளுக்கென்றே கணக்கிட்ட மீட்டரும் உண்டு, பட்டை விலைதான் கையைக் கடிக்கும். எதை எடுத்தாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றி அளந்தால் குழப்பம். முதுகில் ரோமம் மழித்து ஒட்டும் சென்சாரையும் ஒரு தடவை பார்த்தோம். 14 நாள் நிற்க வேண்டியது, ஒன்பதாம் நாள் சோமு அதைச் சோபாவில் தேய்த்துக் கழற்றிவிட்டான். ஆனாலும் இரவில் என்ன நடக்கிறது என்று அந்த ஒன்பது நாளில் தெரிந்தது.

எல்லோரும் கேட்கிற கேள்வி, எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. இதற்கு ஒரே விடை கிடையாது.

நமக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்க ஆரம்பிப்பது 180ஐத் தாண்டினால். பூனைக்கு அந்தக் கரை ஏறக்குறைய 270. அதற்கு மேலே போனால்தான் சர்க்கரை மூத்திரத்தில் வழிந்து, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. தாகம், எறும்பு, இளைப்பு எல்லாம் அப்புறம்தான். நாளில் பெரும்பகுதி அந்தக் கரைக்குக் கீழே வைத்திருந்தால் பூனைக்கு நோய் இருக்கிற உணர்வே இராது. ஆகவே ஒரு சாரார் சொல்வது: மிக உயர்ந்த அளவு 300க்குள், மிகத் தாழ்ந்த அளவு 80க்கும் 150க்கும் இடையில் இருந்தால் போதும். இது மிதமான வழி.

இன்னொன்று இறுக்கமான வழி. மனித மீட்டரில் 50 முதல் 100க்குள், அதாவது நோயில்லாத பூனையின் அளவிலேயே நாள் முழுக்க வைப்பது. ரூம்ப், ராண்ட் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கிளார்ஜினும் குறைந்த மாவுச்சத்து உணவுமாக, வீட்டிலேயே தினம் பலமுறை அளந்து இப்படி வைத்த 55 பூனைகளில் 64 சதவீதத்துக்கு இன்சுலினே தேவையில்லாமல் போனது. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் தொடங்கியவற்றில் 84 சதவீதம், தாமதித்தவற்றில் 35 சதவீதம். சர்க்கரை உயர்வு தானே கணையச் செல்களுக்கு விஷம். சீக்கிரம் இறக்கி ஓய்வு கொடுத்தால், முழுக்கச் சாகாத செல்கள் மீள்கின்றன. ஸ்டீராய்டினால் கிளம்பிய நோய்க்கு அந்த வாய்ப்பு சற்று அதிகம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

ஆனால் அந்த 55 பூனைகளின் சொந்தக்காரர்கள் இரவு பகல் பாராமல் அளந்தவர்கள். ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் போய் எட்டு மணிக்கு வருகிறவர் 50ஐக் குறிவைப்பது, பிரேக் இல்லாமல் காட் சாலையில் இறங்குவது மாதிரி. சிறுநீரகமும் கெட்ட பதினாறு வயதுப் பூனைக்கு அது தேவையும் இல்லை. எனக்கு ஓய்வுக்காலம், அளக்கத் தெரியும், நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதவும் தெரியும். தைரியம் வந்துவிட்டது.

முதல் வாரம் 1 யூனிட். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கொரு தடவையாக 12 மணி நேரம் அளந்து வரைபடம் போட்டோம்: 340, 310, 265, 240, 255, 300, 335. தாழ்ந்த இடமே 240. அளவு 1.5 ஆயிற்று, இன்னொரு வாரம் பொறுத்து 2. மாற்றிய அளவு நிலைப்பட ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு உடனே ஏற்றுவது பெரிய தப்பு. ஊசி நேரத்தில் மட்டும் பார்ப்பதும் தப்பு. ஏனென்றால் அது மேட்டின் உச்சி, பள்ளம் எங்கே என்று அது காட்டாது. அளவை ஏற்றலாமா என்பதைத் தீர்மானிப்பது பள்ளம்தான். எங்கள் மருத்துவர் புதியவர்களான எங்களுக்குப் போட்ட விதி, ஊசி நேரத்தில் 200க்குக் கீழே இருந்தால் போடாதே, போன் செய் என்பது. ஒரு ஊசி தவறினால் பூனைக்கு ஒன்றும் ஆகிவிடாது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாமல் விடுவதே நல்லது. இரண்டாவது ஊசி உயிரை வாங்கலாம்.

ஆறாவது வாரம் அதை நானே கண்ணால் பார்த்தேன்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் விற்கிறது. குப்பியில் வரும் பழைய வகைகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. எனக்குச் சிவப்பு, சோமுவுக்கு ஆரஞ்சு. இரண்டும் ஃபிரிட்ஜின் மேல் ஒரே டப்பாவில் கிடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொலைபேசியில் மருமகனோடு பேசிக்கொண்டே அவன் மருந்தை என் சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டேன். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு என்பது ஒரு மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. 100 செறிவு மருந்துக்கு அது 2.5 யூனிட். ஆக, 2 போட வேண்டிய இடத்தில் 5 யூனிட் போயிருக்கிறது. முப்பது ஆண்டு நீர்த்தல் கணக்கு போட்டவன் செய்த வேலை.

ராத்திரி பதினோரு மணிக்குச் சோமு அடுக்களை வாசலில் குடித்தவன் மாதிரி தள்ளாடினான். கூப்பிட்டால் பார்க்கவில்லை. மீட்டரில் 38. மனைவி ஓடிப்போய்த் தேன் பாட்டிலைக் கொண்டுவந்தாள். விரலில் தொட்டு ஈறில் தேய்த்தோம். நினைவு தப்பிய பூனையின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஈறில் தடவினாலே போதிய அளவு உள்ளே போகும். பத்து நிமிஷத்தில் 52. கொஞ்சம் நக்கினான். இருபது நிமிஷத்தில் மறுபடி 44. கிளார்ஜின் மெல்லக் கரையும் மருந்து, இறங்கிக்கொண்டே இருக்கும். தேன் ஒரு வேளை தாங்குமே தவிர ராத்திரி முழுக்கத் தாங்காது. டாக்ஸி பிடித்து, இரவில் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், காலை ஆறு மணி வரை நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மனைவி மடியில் கூடையை வைத்துக்கொண்டு விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. காலையில் வீட்டுக்கு வந்து குப்பைக்கூடையைக் கிளறியபோது சிவப்பு மூடி கிடந்தது.

அதற்கப்புறம் இரண்டு டப்பா, இரண்டு அறை. ஊசி நேரத்தில் தொலைபேசி கிடையாது. சிரிஞ்சை இழுத்ததும் மற்றவரிடம் காட்டி, மூடியின் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதை நான் மற்றவர்களிடம் வற்புறுத்தியவன்.

இறுக்கமான வழியையும் விட்டுவிட்டேன். "50ம் வேண்டாம், 100ம் வேண்டாம், அவன் இருந்தாப் போதும்" என்றாள் மனைவி. மருத்துவரும் அளவை 1 யூனிட்டுக்கு இறக்கி, பள்ளம் 90க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் தீனி மாறி, எடை குறைந்து, ஸ்டீராய்டின் தாக்கமும் தேய்ந்துகொண்டிருந்த சமயம் அது. 1 யூனிட்டிலேயே எண்கள் இறங்க ஆரம்பித்தன. தை மாதம் அரை யூனிட். மாசியில் ஊசி நேரத்தில் 110, 104, 98. பங்குனி தொடக்கத்தில் மருத்துவர் நிறுத்திப் பார்ப்போம் என்றார். நான்கு வாரம் இன்சுலின் இல்லாமல் 130ஐத் தாண்டவில்லை.

அக்கம்பக்கத்து யோசனைகளையும் சொல்லிவிட வேண்டும். பாகற்காய்ச் சாறு என்றார் ஒருவர். உங்கள் மெட்ஃபார்மினில் பாதி கொடுங்கள் என்றார் இன்னொருவர். பூனையிடம் அது சோபிக்கவில்லை என்பது பார்த்துத் தெரிந்த சங்கதி. மனிதர் மாத்திரையை நாமாகப் பாதி உடைத்துக் கொடுப்பது பூனை விஷயத்தில் பெரிய விபரீதம். நாம் தலைவலிக்கு விழுங்கும் பாரசிட்டமாலே அதைக் கொன்றுவிடும். ஊசி வேண்டாம் என்கிறவர்களுக்கு இப்போது வேறொரு வகை மருந்து வந்திருக்கிறது. சிறுநீரகம் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றிவிடும் கிளிஃபுளோசின் வகை. அமெரிக்காவில் பூனைகளுக்கென்று ஒரு மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், ஒரு திரவத்துக்கு 2023 ஆகஸ்டிலும் அனுமதி கொடுத்தார்கள். தினம் ஒரு வேளை வாயில் கொடுத்தால் போதும். ஆனால் பூனைக்குச் சொந்த இன்சுலின் மிச்சம் இருந்தால்தான் இது ஆகும். ஏற்கெனவே இன்சுலின் போட்டுப் பழகிய பூனைக்குக் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்துகொண்டிருக்க, உள்ளே கீட்டோன் ஏறி உயிருக்கு உலை வைக்கலாம். நமக்குக் கொடுக்கும் அதே குடும்பத்து மாத்திரை மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் கை வைக்க வேண்டாம்.

கீட்டோன் என்றதும் ஞாபகம் வருகிறது. சர்க்கரைப் பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சுருண்டு படுத்தால் அது நாளைக்குப் பார்க்கிற விஷயம் இல்லை. சிறுநீரில் தொட்டுப் பார்க்கும் கீட்டோன் பட்டை விலை அதிகமில்லை, வீட்டில் ஒரு குப்பி இருக்கட்டும். மணல் தட்டில் கொஞ்ச நேரம் மணலைக் குறைத்து வைத்தால் சிறுநீர் கிடைக்கும்.

ஊருக்குப் போவதுதான் எல்லோருக்கும் சிக்கல். தம்பி பெண் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போக வேண்டியிருந்தபோது சோமு இன்னும் ஊசியில் இருந்தான். எதிர் வீட்டு மராட்டிக்காரர் மகள், கல்லூரியில் படிப்பவள், ஒரு வாரம் தினமும் வந்து பழகிக்கொண்டாள். நாங்கள் நான்கு நாள் போய் வந்தோம். அவள் எழுதி வைத்த நோட்டு என்னுடையதை விடச் சுத்தமாக இருந்தது.

இப்போது சோமுவுக்குப் பதினான்கு வயது, 5.2 கிலோ. குதிகால் தூக்கி நடக்க நான்கு மாதம் ஆயிற்று. ஜன்னல் திட்டுக்கு நேராகத் தாவாமல் நாற்காலியில் ஏறி அங்கிருந்து போகிறான். ஊசி நின்ற பூனைகளில் கணிசமானவற்றுக்கு நோய் திரும்புகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காதைத் துடைத்து ஒரு துளி பார்க்கிறோம். தண்ணீர்க் கிண்ணத்தில் அளவுக்கோடு போட்டிருக்கிறேன். பால்கனி மணலை என் மனைவி தினமும் குனிந்து எறும்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள். போன ஞாயிறு 102.